இடையரின் ஒரு கட்டைச் சுருதி

ஹேண்டலின் 'மெசையா' என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது 'அல்லேலூயா' ஒன்றே. நம் உள்ளமோ அதே படைப்பிலுள்ள, சொல்லே இல்லாத ஒரு சிறு கருவியிசைப் பகுதியையே நாடுகின்றது. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-இல் தொடங்கி 24 நாள்களில் எழுதிய அப்பெரும் படைப்பில், இப்பகுதியின் தலையில் 'பீஃபா' என்று மட்டும் அவர் குறித்துவைத்தார்.

கிறிஸ்து பிறப்பு நெருங்குகையில் அப்ருட்சி மலைகளிலிருந்து இடையர்கள் உரோமை நகருக்கு இறங்கிவந்து, தெருமுனைகளில் அன்னையின் திருவுருவங்கள் முன் நின்று இசைப்பது பழைய வழக்கம். ஒருவர் 'பிஃபெரோ' என்னும் சீவாளிக் குழலை ஊத, மற்றவர் தோற்பைக் குழலில் சுருதி விடாமல் பிடிப்பார். இளமையில் இத்தாலியில் வாழ்ந்த ஹேண்டல் அவர்களைக் கேட்டிருப்பார். ஆனால் தம் இசையில் அவர் ஒரு குழலையும் சேர்க்கவில்லை. நரம்புக் கருவிகளைக் கொண்டே குழலோசையை எழுப்பினார். அடியில் ஒரே சுரம் நீண்டு நிற்க, மேலே மெட்டு அசைந்தாடுகின்றது.

மேல்மலையனூர்ப் பக்கத்துச் செவிகளுக்கு இது அயலன்று. நம் தெருக்கூத்தில் முகவீணை பாட, ஆர்மோனியம் சுருதி தாங்குவதில்லையா? முகவீணை வாசித்து முதிர்ந்த பெரியவர் ஒருவருக்கு, அமாவாசைக் கூட்டமும் பம்பையொலியும் ஓய்ந்த ஒரு மாலையில், இதனை ஒலிநாடாவில் போட்டுக் காட்டினோம். கண்மூடிக் கேட்டவர், "வேஷம் திரைக்குப் பின்னால வந்து நிக்கசொல்ல வாசிக்கிறாப்பல இருக்குதே சாமி!" என்றார். அடுத்து வானதூதர் வரப்போவதை நாம் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

சுருதியிலும் இந்தக் காத்திருப்பே உள்ளது. இப்பகுதி சி மேஜரில், நம் கணக்கில் ஒரு கட்டையில், ஏறக்குறைய நம் சங்கராபரணத்தில் அமைந்தது. சற்றுப் பின்னர் வானகச் சேனை 'உன்னதங்களில் கடவுளுக்கு மாட்சிமை' எனப் பாடுகையில் சுருதி இரண்டு கட்டைக்கு உயர்கின்றது. எக்காளங்கள் அங்கேதான் முதன்முதலாக ஒலிக்கின்றன, அதுவும் தொலைவிலிருந்து வருவதுபோல. வயல்வெளி தாழ்வாக இருந்தால்தானே வானம் உயர்வாகத் தோன்றும்?

நமது பாடற்குழுவோடு நமக்குள்ள வழக்கு, காலப்பிரமாணம் பற்றியது. ஹேண்டல் குறித்திருப்பது 'லார்கெட்டோ, மெட்சோ பியானோ': ஓரளவு நிதானமாக, அடங்கிய ஓசையில். சுற்றுக்கு நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று. தகிட, தகிட, தகிட, தகிட என்று சொல்லிப் பாருங்கள். விரைந்தால் கும்மியாகிவிடும், இழுத்தால் இறந்தோர் பாடலாகிவிடும். இளைஞர்களோ கீபோர்டில் தாளப் பொத்தானை அழுத்திவிட்டுப் பறக்கிறார்கள். (அப்பொத்தானைக் கண்டுபிடித்தவரை மன்னிக்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.) சொல் இல்லாததால் இதை விட்டுவிடலாம் என்றும் ஒருவர் கூறினார். சொல் வருவதற்குமுன் மந்தையோடு சிறிது நேரம் இருளில் நிற்க மக்களுக்கு வேறு எங்கே இடமுண்டு என்று கேட்டோம்.

ஹேண்டல் முதலில் எழுதியது 11 தாளச் சுற்றுகளே. பின்னர்தான் நடுப்பகுதி ஒன்றைச் சேர்த்து நீட்டினார். நமக்குக் குறுகிய வடிவே போதும். இவ்வாண்டு வயலின் ஒன்று மெட்டை வாசிக்கும். கீபோர்டில் ஒருவர் அடிச்சுரத்தை விரலெடுக்காமல் பிடித்திருப்பார். தாளப் பொத்தானுக்கு வேலையில்லை. கடைசிச் சுரம் அடங்கியதும், அறிவிப்பு ஏதுமின்றி, லூக்கா 2:8 வாசிக்கப்படும்.