மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான்



இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், "மல்டிமீட்டர் வாங்கணும், எது நல்லது சார்?" என்று கேட்டிருந்தார். போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

கடையில் எத்தனை இலக்கம் காட்டும், பேக்லைட் உண்டா என்றெல்லாம் சொல்வார்கள். எலக்ட்ரானிக் சர்க்யூட்டுக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளீட்டு மின்தடை.

லேபில் நாம் செய்த பரிசோதனை நினைவிருக்கிறதா? 9 வோல்ட் பேட்டரி, தொடராக இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்கள். நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். நம் முள் மீட்டர் வோல்ட்டுக்கு 20 கிலோஓம் வகை. 10 வோல்ட் ரேஞ்சில் அதன் மின்தடை 200 கிலோஓம்தான். அது கீழ் ரெசிஸ்டருடன் பக்க இணைப்பாகச் சேர்ந்துகொள்ளும், முள் 1.3 வோல்ட்டில் நிற்கும். பிள்ளைகள் பலர் ரெக்கார்டில் போட்ட சரியான கணக்கை அடித்துவிட்டு மீட்டர் காட்டியதை எழுதுவார்கள். கருவி சொன்னால் அதுதான் உண்மை என்று அவ்வளவு நம்பிக்கை! ஒரு மாணவி மட்டும் இரண்டையும் எழுதிவிட்டு, "மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தானே சார்?" என்று கேட்டாள். அந்த வருஷம் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதே இடத்தில் 10 மெகாஓம் டிஜிட்டல் மீட்டர் ஏறக்குறைய 4.3 காட்டும். 1 மெகாஓம் மட்டுமே உள்ள மலிவு மீட்டர் 3 வோல்ட் காட்டும். ரெசிஸ்டர்கள் 1 கிலோஓம் என்றால் மூன்றும் 4.5-ஐ ஒட்டியே காட்டும். ஆகவே மீட்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, எந்த சர்க்யூட்டில் வைக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான். இது தெரியாமல் நல்ல ஐசியைக் கழற்றி எறிந்து, வாடிக்கையாளரிடம் காசும் வாங்குகிறார்கள்.

இன்வெர்ட்டர்காரர்களுக்கு இன்னொன்று: ட்ரூ ஆர்எம்எஸ் இல்லாத மீட்டர், சதுர அலையைச் சுமார் 11 சதவீதம் கூட்டிக் காட்டும். 220 இருக்கும் இடத்தில் 244 என்று வரும்.

வீட்டு ஒயரிங்கில் கதை தலைகீழ். எதிலும் இணைக்காத ஒயர் உயிருள்ள ஒயருக்குப் பக்கத்தில் ஓடினால், 10 மெகாஓம் மீட்டர் அதில் பல வோல்ட் காட்டிப் பயமுறுத்தும். அதற்கு லோ-இம்பீடன்ஸ் வசதி உள்ள மீட்டர் நல்லது. அந்த வசதியை எலக்ட்ரானிக் போர்டில் போட்டுவிடாதீர்கள்.

230 வோல்ட்டில் கை வைப்பவர்கள் கேட்-3, 600 வோல்ட் மதிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடி மெயின்ஸில் வைத்தால் நேரடி ஷார்ட். மலிவு மீட்டர்கள் சிலவற்றில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. "அன்ஃப்யூஸ்டு" என்று முகப்பிலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள்.

வாங்குவதற்கு முன் மேனுவலில் இன்புட் இம்பீடன்ஸ் உள்ள பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.