கண்ணி வைத்தவர்

ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் தாத்தாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கோடிக்கரையில் அப்போது வலசைப் பறவைகள் வந்து இறங்கும் காலம். விடியுமுன் கிளம்பி, பாலை மரக்காட்டுக்குள் புகுந்து, ராமர் பாதம் மேடு தாண்டிச் சதுப்பில் இறங்குவோம். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

பைனாகுலர் கிடையாது. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். "அது கோட்டான்டா. மூக்கு முழுசும் சேத்துக்குள்ள போவும் பாரு. கொசு உள்ளானுக்கு அந்த மூக்கு ஏது? அது மேலாப்புலதான் கொத்தும்." ஒரே சேற்றில் அடித்துக்கொள்ளாமல் அத்தனை இனங்கள் மேய்வது எப்படி என்று பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது பழைய சேதியாக இருந்தது.

தாத்தா ரசிகர் இல்லை. உள்ளானைக் கண்ணி வைத்துப் பிடித்துக் குழம்பு வைத்தவர். 1967-இல் சரணாலயம் வந்தது, 1972-இல் வன உயிர்ச் சட்டம் வந்தது. கண்ணி பரணுக்குப் போனது. பிறகு பறவைகளின் காலில் வளையம் மாட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வந்து தங்கியபோது, வலை கட்ட அவரும் போனார். பறவையின் கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே, முதுகு உள்ளங்கையில்; இறுக்கவும் கூடாது, நழுவவும் விடக் கூடாது. முப்பது கிராம்கூடத் தேறாத அந்த உயிர் சைபீரியாவிலிருந்து வந்தது என்று அவர்கள் சொன்னதை மட்டும் அவர் நம்பவே இல்லை.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தை 2004 சுனாமி கொண்டுபோனது. 2018-இல் கஜா புயல் காட்டு மரங்களைச் சாய்த்தது. வானத்தை மறைத்து எழும்பிய உள்ளான் கூட்டங்களும் மெலிந்துவிட்டன. தாத்தா இதையெல்லாம் பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிடிக்கக் கூடாது என்ற சட்டம் சரிதான். இப்போது என்னிடம் பைனாகுலர் இருக்கிறது, கைப்பேசியில் செயலி இருக்கிறது. கூட்டம் எழும்பினால் பெயர் சொல்லிவிடுவேன். நாளைக்கு எந்தச் சேற்றில் இறங்கும் என்று கேட்டால் விழிப்பேன். தாத்தா சொல்வார். அது தப்பினால் அன்றைக்கு வீட்டில் குழம்பு இல்லை.