ஆலை நிலத்தில் ஒரு வீடு

மும்பையின் லோயர் பரேல், லால்பாக் வட்டாரத்துக்கு மராட்டியில் கிரண்காவ் என்று பெயர், ஆலைகளின் ஊர். ஏறத்தாழ 600 ஏக்கரில் 58 பஞ்சாலைகள் அந்நகரில் இருந்தன. பத்தடிக்குப் பத்தடி சால் அறைகளில், ஒரு ஷிப்டுக்காரர் எழுந்து போன இடத்தில் அடுத்தவர் படுத்துறங்கினார். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை.

இன்று அப்பகுதியை 'மீண்டெழுந்தது' என்கிறார்கள். எழுந்தது நிலத்தின் விலை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. 1991ஆம் ஆண்டு விதியின்படி ஆலை நிலம் மூன்றாகப் பிரிய வேண்டும்: மாநகராட்சியின் திறந்தவெளிக்கு ஒன்று, அரசின் வீட்டு வாரியத்துக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று. 2001இல் ஒரு திருத்தம் வந்தது. கட்டடமில்லாமல் முன்பே காலியாகக் கிடந்த நிலத்தை மட்டும் பகிர்ந்தால் போதும் என்றாயிற்று. ஆலை என்பதே பெரும்பாலும் கட்டடந்தானே! பொதுவுக்கு வரவேண்டியது சுருங்கிப்போனது. உயர் நீதிமன்றம் தடுத்ததை 2006இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஓர் ஆலையின் நிலம் 702 கோடிக்கு ஏலம் போயிருந்தது.

வீடு தேடிய நாட்களில் நாங்கள் இருவரும் அங்கே போனோம். விற்பனையாளர் மாதிரி வீட்டின் சாளரத்தைத் திறந்து, இடிக்காமல் விட்ட புகைபோக்கியைக் காட்டினார். அது தெரியும் வீடுகளுக்கு விலை கூடுதலாம். புகையை ரசிக்கக் கட்டணம் கேட்காதது அவர் பெருந்தன்மை.

எங்களுக்குச் சமைக்க வரும் மாவ்ஷியின் கணவர் ஆலைத் தொழிலாளி, காலமாகிவிட்டார். தொழிலாளர்களுக்கும் வாரிசுகளுக்குமாக வாரியம் கட்டும் வீடுகளுக்கு 2012இல் குலுக்கல் நடந்தது. ஒவ்வொன்றும் 225 சதுர அடி. விண்ணப்பித்தவர்களோ லட்சத்துக்கு மேல். மாவ்ஷி விண்ணப்ப ரசீதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு இன்னும் வைத்திருக்கிறார்.

நாங்கள் வீடு பார்த்துவந்ததைத் தயக்கத்தோடுதான் அவரிடம் சொன்னோம். எந்த மில் என்று கேட்டார். சொன்னோம். கட்டடம் எந்தப் பக்கம் என்றார். தெற்கு மூலை என்றதும் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அங்கே சாயப் பிரிவு இருந்தது. மழைக்குத் தண்ணீர் நிற்கும். வேறு பக்கமாகக் கேளுங்கள்."