வாளும் விரலும்

மனிதனுக்கு இயற்கை அளித்த கருவிகளுள் கையினும் சிறந்தது பிறிதில்லை. ஏர் பிடிப்பதும், எழுதுகோல் பிடிப்பதும், குழந்தையை அணைப்பதும் அதுவே. எனினும், அஃது உள்ளபொழுது அதன் அருமையை யாம் எண்ணுவதில்லை. சென்ற கோடை விடுமுறையில் ஒரு மரவாடியிற் கண்ட காட்சி எம்மை எண்ணச் செய்தது.

வீட்டு வாயிலுக்கு நிலை செய்யும்பொருட்டு மரம் அறுக்கச் சென்றிருந்தோம். "விரைவில் அறுத்துத் தாருங்கள்" என்று அவசரப்படுத்தவும் செய்தோம். அங்கே அளவு குறித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுதுகோலை இடக்கையாற் பிடித்திருந்தார். அவர்தம் வலக்கையிற் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. எமது பார்வையை உணர்ந்த அவர், "தம்பி, இருபது வருஷம் வாளிலே நின்றவன் நான்; ஒரு நொடியிலே கணக்கெழுத வந்துவிட்டேன்" என்று சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்படி நேர்ந்தது, அண்ணாச்சி?" என்று வினவினோம்.

வட்டவாள் மரத்தை அறுத்துச் செல்லுங்கால், அறுபட்ட பிளவு சிலபொழுது மீண்டும் இறுகி வாளைக் கவ்விக்கொள்ளும். அப்பொழுது வாள் அம்மரத்தைத் தள்ளுபவன்மேலேயே வீசி எறியும். தள்ளிய கையோ வாளின்மேல் விழும். இதனைத் தடுக்கவே, வாளின் பின்னே பிளவு மூடாது காக்கும் தகடும், வாளின்மேல் மூடியும், மரத்தைத் தள்ளக் கோலும் அமைத்துள்ளனர். அண்ணாச்சி முன்பு வேலைசெய்த பிறிதோரிடத்தில் மூடி சுவரிலே தொங்கியதாம். "மூடி இருந்தால் வேலை ஓடாது என்பார் முதலாளி. அறுத்த அளவுக்குத்தானே கூலி! நாங்களும் மாட்டச் சொல்லவில்லை" என்றார்.

துண்டான விரல்களை யாரோ பனிக்கட்டியில் நேரே இட்டுக் கொண்டுசென்றனர், அவை பயன்படவில்லை. ஈரமான தூய துணியிற் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையையே பனிக்கட்டி கலந்த நீரில் வைத்தல் வேண்டும் என்பதை அங்கு எவரும் அறியார். முதலாளி மருத்துவச் செலவை ஏற்றார். ஆனால் "வீட்டிலே கோடரி பட்டது" என்று சொல்லுமாறு வேண்டினார். அண்ணாச்சியும் நன்றியுணர்ச்சியால் அவ்வாறே சொன்னார். இரண்டு மாதத்தில் கூலி நின்றது. நஷ்டஈட்டை ஈராண்டுக்குள் கோரவேண்டும் என்று அவர் அறிந்தபொழுது காலம் கடந்திருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை, உழைத்து ஈட்டும் ஆற்றலிற் பெருவிரலுக்கு நூற்றுக்கு 30, சுட்டுவிரலுக்கு 14 என்று இழப்பை வகுத்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஆயினும், பெருவிரலின்றி உளி பிடிப்பது எங்ஙனம்? தச்சனுக்கு அஃது ஏறக்குறைய முழு இழப்பன்றோ? 1975ஆம் ஆண்டில், வேலையிடத்தில் விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒருகையால் தச்சுவேலை இயலாது என்று கண்டு, அதனை முழுத்திறன் இழப்பாகவே உச்சநீதிமன்றம் கொண்டது. அளவுகோலினும் மனிதனை நோக்கிய தீர்ப்பு அது. ஆனால் "கோடரி பட்டது" என்று எழுதப்பட்ட காயத்துக்கு எந்தத் தீர்ப்பு உதவும்?

பேச்சினிடையே எமது மரத்தை அறுக்கத் தொடங்கியிருந்த வாளை நோக்கினோம். அதற்கும் மூடி இல்லை. அவசரப்படுத்தியவர் யாமே என்பது நினைவுக்கு வர, நாணினோம். "காத்திருக்கிறோம், மூடியை மாட்டியே அறுக்கட்டும்" என்றோம். அண்ணாச்சி எம்மைச் சற்றே உற்றுநோக்கிவிட்டு, தாமே எழுந்து சென்று அதனை எடுத்துவந்தார். வேலை முடிய அரைமணி நேரம் மிகுந்தது; அவ்வளவே.

நண்பர்களே! நம்மிற் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் அதிகாரிகளாவர், சிலர் ஆலை நடத்துவர். காயத்தின் காரணத்தை உள்ளபடி எழுதுவதும், சுவரில் தொங்கும் மூடியைக் கேட்டு மாட்டுவிப்பதும் அவர் கடமை. எஞ்சிய நாம் அனைவரும் மரம் வாங்குவோரே. நாம் அமர்ந்து கற்கும் இப்பலகைகளும் எவரோ ஒருவர் கைபட்டு அறுபட்டவை என்பதை மறவாதிருப்போமாக.