ஹாங்காங்கில் பருவத்துக்கு ஒரு கஷாயம்

கணவரின் உத்தியோக நிமித்தம் ஹாங்காங்கில் குடியிருந்தபோது, என்னை அதிசயிக்க வைத்தவை அங்குள்ள கஷாயக் கடைகள்தாம். வாசலிலேயே பளபளவென்று பித்தளைப் பாத்திரம். கிண்ணத்தில் வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறார்கள்! 'இருபத்து நான்கு சுவை' என்று ஒரு கஷாயம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள், நம் நிலவேம்பு தோற்றுவிடும்.

வெயில் காலத்தில் சூடு தணிய சாமந்திப்பூ. குளிருக்கு இஞ்சி போட்ட ஆட்டுக்கறி. இலையுதிர் காலத்துக் காற்று நுரையீரலை வறட்டும் என்பது சீன வைத்தியம். அதற்குப் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துச் சாறோடு கொடுப்பார்கள்.

எதிர் வீட்டுச் சீனப் பாட்டி பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கஷாயம் புகட்டுவாள், கடைக்குட்டியைத் தவிர. "அவனுக்கு ஆகாதுங்க" என்றாள் மருமகள். ஜி-6-பி-டி என்ற நொதி அவனுக்குக் குறைவாம். அப்படிப்பட்ட குழந்தைக்கு ஹனிசக்கிள் பூவோ, வோங்லின் என்ற கசப்பு வேரோ உள்ளே போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். அந்துருண்டை வாசனைகூட ஆகாது. ஹாங்காங்கில் 1984 முதல் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். இந்தக் குறை நம் நாட்டுக் குழந்தைகளிடமும் உண்டு; பிள்ளைக்குப் புது மூலிகை எதுவானாலும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைக்குட்டிக்குக் கவலையே இல்லை. அண்ணன்மார் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டே பேரிக்காய் தின்பான்.