யாரும் விளையாடாத நேரம்

சென்ற மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தம்பிமார் இரண்டு பேர் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை இரவு நான்கு பேர் சேர்ந்து விளையாடத் திட்டம். எட்டு மணிக்கு எல்லோரும் தயாராக உட்கார்ந்தால், ஒருவனுடைய கம்ப்யூட்டரில் கேம் தானாகவே அப்டேட் ஆகத் தொடங்கிவிட்டதாம். "நான் ஓகே கொடுக்கவே இல்லண்ணா, அதுவா பண்ணிக்குது" என்றான். மற்ற மூவரும் பத்து மணி வரை காத்திருந்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தோம்.

விக்ரம் தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது என் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு நாள் ஓர் அப்டேட் கேட்காமல் வந்தது. ஐந்து வருடமாக அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

2020 மே மாதம். எனக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதின்மூன்று. பள்ளிக்கூடம், ஆலயம், அப்பாவின் வேலை எல்லாமே எங்கள் சின்ன யூனிட்டுக்குள் வந்து அடைந்துகொண்ட காலம். ஒரு காலையில் நாசரேத்திலிருந்து போன் வந்தது. ஆச்சி தூக்கத்திலேயே போய்விட்டார்கள்.

அப்பாதான் மூத்த மகன். போக வழியில்லை. மார்ச் 25 முதல் ஆஸ்திரேலியக் குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியே போகத் தடை. அதற்கு முன்பே இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திவிட்டது. ஊரிலும் அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம். ஆச்சியின் அடக்கத்துக்கு ஊரே திரளும் என்று அப்பா எப்போதும் சொல்வார்கள். இருபது பேர்தான் நின்றார்கள்.

சித்தப்பா தன் போனில் வீடியோ காலில் காட்டுவதாக ஏற்பாடு. அங்கே மாலை நான்கு மணி, நமக்கு இரவு எட்டரை. சேகர குருவானவர் ஆராதனையை நடத்துவார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அப்பா இங்கிருந்து ஜெபிக்க வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்கள். அம்மா பக்கத்தில். நானும் தம்பியும் தரையில். டிவியை அணைத்தோம். யாரும் எதையும் தொடவில்லை.

ஆராதனை நன்றாகவே போனது. ஆச்சியின் முகம் தெரிந்தது. அப்பாவை ஜெபிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி ஆரம்பித்தார்கள். நானும் கண்ணை மூடினேன். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது திரையில் படம் உறைந்து நின்றது. சித்தப்பாவின் தோளும் பந்தலின் ஓரமும் மட்டும் தெரிந்தன. சத்தம் துண்டு துண்டாக வந்து, பிறகு அதுவும் நின்றது. அப்பா "தம்பி, கேக்குதா? தம்பி, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். துண்டித்து மறுபடி கூப்பிட்டோம், படம் வரவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சித்தப்பா சாதாரணக் காலில் கூப்பிட்டு, "முடிஞ்சிட்டு அண்ணே" என்று சொல்லி அழுதார்கள்.

அப்பா பால்கனிக்குப் போய், ரயில் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு உள்ளே வந்து ஒன்றே ஒன்று சொன்னார்கள்: "ஒரு நல்ல போனா வாங்கி வச்சிருக்கக் கூடாதா அவன்?"

அன்று இரவு பதினொன்றரைக்கு நான் மேசையிலிருந்த கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். திரை இருட்டாக இருந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மவுஸை அசைத்ததும் மூலையில் ஓர் அறிவிப்பு: எங்கள் கேம் அப்டேட் ஆகி முடிந்தது, விளையாடத் தயார். அளவைப் பார்த்தேன், ஏறக்குறைய 30 ஜிபி.

எங்கள் வீட்டு இணைப்பின் வேகம் நொடிக்கு 25 மெகாபிட். அந்த வேகத்தில் 30 ஜிபி இறங்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். எப்போது தொடங்கியிருக்கும் என்று விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது மணிக்குச் சற்று முன்னால். பந்தலின் ஓரம் உறைந்து நின்ற அதே நேரம்.

அந்த லாஞ்சரின் பெயர் இங்கே முக்கியமில்லை. இவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கேமை வாங்குவதற்கும் திறப்பதற்கும் உள்ள மென்பொருள்தான் லாஞ்சர். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதுவும் சத்தமில்லாமல் எழுந்து பின்னால் உட்கார்ந்துகொள்ளும். புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும். நாம் விளையாடிக்கொண்டிருந்தால் தொந்தரவு செய்யாமல் காத்திருக்கும். யாரும் விளையாடாத நேரம் பார்த்து இறக்க ஆரம்பிக்கும். அன்று எங்கள் வீட்டில் யாரும் விளையாடவில்லை. அதன் கணக்கில் அது நல்ல நேரம்.

ஒரே குழாயில் பெரிய வாளியை வைத்து முழுவதும் திறந்துவிட்டால், பக்கத்து டம்ளருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அப்படித்தான் இதுவும். டவுன்லோட் இணைப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ள, வீடியோ காலின் துணுக்குகள் வரிசையில் பின்னால் நின்றன. டவுன்லோட் சில நொடி தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது. வீடியோ காலுக்கு அரை நொடியே அதிகம்.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. அதே 2020 மார்ச் கடைசியில், ஸ்டீம் லாஞ்சரை நடத்தும் வால்வ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. உலகமே வீட்டுக்குள் இருப்பதால், கடந்த மூன்று நாளில் விளையாடிய கேம்களை மட்டும் உடனே அப்டேட் செய்வோம், மற்றவற்றைப் பல நாட்களுக்குப் பிரித்து, நெரிசல் குறைந்த நேரத்தில் செய்வோம் என்றது. எந்த நேரத்தில் அப்டேட் ஆகலாம், எவ்வளவு வேகத்தில் இறக்கலாம் என்று நாமே வரையறுக்கும் வசதியும் அதில் உண்டு. இப்படி ஒரு விஷயம் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அப்பா வேலைக்காக வாங்கியது. "இதுல விளையாட்டு எல்லாம் ஏத்தக்கூடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர்கள் தூங்கும்போது நான்தான் லாஞ்சரை ஏற்றினேன். நீளமான ஒப்பந்தம் ஒன்று வந்தது. ஒரு வரிகூடப் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தினேன். லாஞ்சர் அனுமதி கேட்காமல் செய்தது உண்மை. அதற்கு முன்பே அனுமதி கேட்காமல் செய்தவன் நான்.

சொல்லிவிடலாம் என்று அடுத்த நாள் நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு வருடம் போனது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் ஏதோ ஒன்று சுருங்கிப்போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பிறகு கிறிஸ்மஸ், புதுவருடம், ஆச்சியின் நினைவு நாள் என்று மூன்று முறை. ஊர்ப்பேச்சு வரும்போதெல்லாம் "அவன் போனு அன்னைக்கு..." என்று அப்பா ஆரம்பிப்பார்கள், பாதியில் நிறுத்துவார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

நான் இப்போது கம்ப்யூட்டர்தான் படிக்கிறேன். அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தானாக அப்டேட் ஆவது எப்போதும் கெட்டதில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரலில் ஆபத்தான ஓட்டை ஒன்று தெரியவந்தது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு அதைப் பயன்படுத்தியது. சாட்டில் ஒரு வரி அனுப்பியே பிறருடைய கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிந்தது. மோஜாங் உடனே திருத்தம் வெளியிட்டது. கேமையும் லாஞ்சரையும் மூடித் திறந்தால் போதும், திருத்தம் தானாகவே வந்து சேர்ந்தது. ஓட்டையைப் பற்றிக் கேள்விப்படாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு. அதே மைன்கிராஃப்ட் லாஞ்சர், பழைய பதிப்பிலேயே விளையாட விரும்புகிறவனுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுக்கிறது. பாதுகாக்கவும் செய்யலாம், கேட்கவும் செய்யலாம் என்பதற்கு இதுவே சாட்சி.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 'ஃபால்அவுட்: லண்டன்' என்று ரசிகர்கள் பல வருடம் உழைத்து, ஃபால்அவுட் 4 கேமின் மேல் புதிய கதை ஒன்றைக் கட்டினார்கள். 2024 ஏப்ரல் 23 அன்று இலவசமாக வெளியிடுவதாக இருந்தது. ஏப்ரல் 25 அன்று கேமுக்கே பெரிய அப்டேட் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. அது வந்தால் இவர்கள் கட்டியது வேலை செய்யாது. தள்ளிவைத்து, கடைசியில் ஜூலை 25 அன்றுதான் வெளியிட முடிந்தது. அதற்கும் விளையாடுகிறவர்கள் தங்கள் கேமைப் பழைய பதிப்புக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஒருவருக்கு முன்னேற்றமாகத் தெரிவது இன்னொருவருடைய உழைப்பின் மேல் போய் விழுகிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா மட்டும் விழித்திருந்தார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேம், லாஞ்சர், 30 ஜிபி, ஒன்பது மணி. சித்தப்பாவின் போனில் குறை இல்லை, நம் வீட்டு இணைப்பில்தான், அதுவும் என்னால்தான் என்றேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு வருசம் ஏன்ல சொல்லல?" என்றார்கள்.

"பயமா இருந்துச்சுப்பா."

"எனக்கு உம்மேல கோவம் இல்லல. அவனத்தான் நான் அஞ்சு வருசமா..." என்று சொல்லி நிறுத்தினார்கள். நேரத்தைப் பார்த்தார்கள். ஊரில் அப்போது மாலைதான். போனை எடுத்தார்கள்.

முதலில் மழை பெய்ததா, சித்திக்கு முழங்கால் வலி எப்படி என்று ஏதேதோ பேசினார்கள். பிறகு மெதுவாக, "அன்னைக்கு அம்மா அடக்கத்துல லைன் போனது இங்கதானாம்ல. உம் போன்ல இல்லையாம்" என்றார்கள். ஸ்பீக்கரில் சித்தப்பாவின் குரல் வந்தது: "லைன் போச்சா? உங்க ஜெபம் முழுசும் இங்க கேட்டுச்சே அண்ணே. எல்லாரும் ஆமென் சொன்னோமே. அதுக்கப்புறந்தான பெட்டிய மூடினோம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டவுன்லோட் அடைத்தது வீட்டுக்குள் வரும் பாதையை. வெளியே போகும் பாதை திறந்தேதான் இருந்தது. அவர்கள் சொன்ன ஆமென் எங்களுக்குக் கேட்கவில்லை. அப்பாவின் ஜெபம் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. நான் வாயைத் திறந்திருந்தால் அப்பாவுக்கு இது மறுநாளே தெரிந்திருக்கும். பெட்டி மூடியதை அப்பா பார்க்கவில்லை. அது போனது போனதுதான். ஆனால் மிச்சம் ஐந்து வருடத்தைத் தின்றது லாஞ்சர் இல்லை.

நண்பர்களே, இன்று இரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் லாஞ்சரின் செட்டிங்ஸைத் திறந்து, கம்ப்யூட்டர் போட்டவுடன் தானாகத் தொடங்கும் வசதி தேவையில்லை என்றால் நிறுத்துங்கள். ஸ்டீம் என்றால் டவுன்லோட் பகுதியில் அப்டேட்டுக்கு நேரம் குறியுங்கள், பின்னிரவு மூன்று மணி என்றாலும் சரி. வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். ஒவ்வொரு கேமுக்கும் "திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்" என்ற தேர்வு உண்டு. வீட்டில் முக்கியமான கால் இருந்தால் கம்ப்யூட்டரை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். திரை இருட்டாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தை இந்த வாரம் மறுபடி வாசித்தேன். ஒநேசிமுவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பவுலுக்கு ஆசை. அவர் வைத்துக்கொண்டிருந்தால் பிலேமோன் மறுத்திருக்க மாட்டார். ஆனாலும் அவருடைய சம்மதம் இல்லாமல் எதையும் செய்யப் பவுலுக்கு மனமில்லை. கேட்டுவிட்டுச் செய்வது அன்பின் ஒரு பகுதி என்று எனக்குப் பட்டது.

நேற்று அப்பாவின் போனில் ஓர் அப்டேட் வந்து நின்றது. முன்பானால் நானே அழுத்தியிருப்பேன். போனைக் கொண்டுபோய்க் காட்டி, "செய்யட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம்ல" என்றார்கள். "சித்தப்பா கூப்பிடுற நேரம்."