குடையைத் தேடிப் போன பிள்ளைகள்

போன விடுமுறையில், வன்னியில் எங்கட ஊர் சனசமூக நிலையத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கத் தொடங்கினோம். சனிக்கிழமை பின்னேரம், ரியூசன் முடிய வருவார்கள். முதல் இரண்டு கிழமையும் நீதிக்கதைகள்தான். முடிவில், "இதில இருந்து என்ன விளங்குது?" என்று கேட்டோம். சோதனைக்கு விடை சொல்வதுபோல ஒப்புவித்துவிட்டு, போன் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாம் கிழமை சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா'வை எடுத்துப்போனோம். 1956இல் சிங்களத்தில் வந்த படக்கதை. எழுத்தும் படமும் அவருடையவையே. எங்களிடம் இருந்தது ஆங்கிலப் பிரதி. படங்களைக் காட்டி எங்கட தமிழில் சொன்னோம். குடையே கண்டிராத ஊரில் இருந்து பட்டினத்துக்குப் போகும் கிரி மாமா ஆசையாய் ஒரு குடை வாங்கி வருகிறார். வழியில் கோப்பி குடிக்க நிற்க, அது களவு போகிறது. திரும்ப வாங்கினால் திரும்பவும் களவு. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். அடுத்தமுறை கள்ளன் போன வழியெல்லாம் துண்டுகள். பின்தொடர்ந்து போனால், காட்டுக்குள் ஒரு மரம் நிறையக் குடைகள். கள்ளன் ஒரு குரங்கு!

வழமைபோலக் கேள்வி கேட்க வாயெடுத்தோம். ஆக்களைக் காணோம். ஒருத்தி எங்கட குடையோடு ஓடுகிறாள். இரண்டு பேர் பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டுக்கொண்டு பின்னால் போகிறார்கள். 'வெளியில் போய் விளையாடுங்கள்' என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

துண்டுகள் பற்றைப் பக்கம் திரும்பியபோது, எங்களில் ஒருத்தி தன்னையறியாமல் கத்திவிட்டாள்: "பாதையை விட்டு இறங்காதேங்கோ!"

பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். அது எங்கட அம்மாமாரின் குரல். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது நாங்கள் இரண்டாம் வகுப்பு. அப்போது எங்களுக்குக் காட்டப்பட்ட படங்கள் மிதிவெடியும், சிவப்புப் பலகையில் மண்டையோடும்தான். தெரியாத பொருளைத் தொடாதே, பாதையை விட்டு விலகாதே. அந்தப் படங்கள் எங்கட உயிரைக் காத்தன. அதை ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால், வெளி என்றாலே பயம் என்பதையும் அவைதான் எங்களுக்குள் விதைத்தன.

இந்த வளவு எப்பவோ வெடி அகற்றிக் கையளிக்கப்பட்டது. தினமும் மாடு மேயுது, சனம் விறகு பொறுக்குது. எல்லாம் எங்களுக்குத் தெரியும். கால்தான் நம்பவில்லை.

"அக்கா, வாங்கோவன். குரங்கைப் பிடிக்க வேணும்" என்று ஒரு வாண்டு கையைப் பிடித்து இழுத்தான். போனோம். நாலு பேரும், இருபது வயது தாண்டி, முதன்முறையாகக் குனிந்து கடதாசித் துண்டு பொறுக்கினோம்.

தம்பி தங்கைக்குப் படப்புத்தகம் வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: கதை முடிந்ததும் கேள்வி கேட்காதேங்கோ. கதவைத் திறந்து விட்டுவிட்டு, கூடவே போங்கோ.

வேப்பமரக் கிளையில் எங்கட குடை தொங்கியது. எடுக்கப் போக, பிள்ளைகள் விடவில்லை. கதையில் கிரி மாமா ஒரு குடையைக் குரங்குக்கு விட்டுவிட்டுத்தான் வருவார். அதை அவர்கள் மறக்கவில்லை. குடை எங்கட கைக்கு வர ஒரு கிழமை சென்றது.